ஒரே வீட்டுக்கு இரண்டு கதவு எண்

(கணினி ஆய்வகப் பொறுப்பாசிரியர்களுக்கும் திறன் வகுப்பறைப் பொறுப்பாசிரியர்களுக்கும் நடந்த பணியிடைப் பயிற்சியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



லினக்ஸ் கணினியில் ஒரே நெட்வொர்க் கார்டுக்குக் கூடுதல் ஐபி முகவரி கொடுப்பது எப்படி என்பதுதான் எனக்குத் தரப்பட்டிருக்கும் தலைப்பு. ‘இது மேல்நிலைப் பள்ளிக் கணினி ஆசிரியர்களுக்கான பாடம், நமக்கு இதில் என்ன வேலை’ என்று தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள் சிலர் நினைக்கலாம். இன்று தொடக்கப் பள்ளியிலும் இணைய இணைப்பு இருக்கிறது, ரவுட்டர் இருக்கிறது, திரை இருக்கிறது, சில இடங்களில் பிரிண்டரும் இருக்கிறது. இவற்றில் ஒன்று இன்னொன்றைக் கண்டுகொள்ளாமல் போகும் நாள் எல்லாப் பள்ளிக்கும் வரும். அன்றைக்கு ஆள் வரும்வரை அறையைப் பூட்டி வைப்பதா, நாமே பத்து நிமிடத்தில் வழி செய்வதா என்பதற்குத்தான் இந்தத் தலைப்பு உதவுகிறது.

நம் பிள்ளைகளின் பெற்றோர் யார்? பள்ளிபாளையத்தில் விசைத்தறி ஓட்டுகிறவர்கள், நாமக்கல் கோழிப்பண்ணையில் வேலை செய்கிறவர்கள், திருச்செங்கோட்டிலிருந்து ரிக் வண்டியோடு வடநாட்டுக்குப் போய் மாதக்கணக்கில் ஊர் திரும்பாதவர்கள். இந்த வீடுகளில் பலவற்றில் கைப்பேசி இருக்கும், கணினி இருக்காது. வாரத்துக்கு ஒரு பாடவேளை ஆய்வகத்தில் உட்காருவதுதான் அந்தப் பிள்ளைக்குக் கணினியோடு உள்ள முழு உறவும். ஆய்வகம் ஒரு மாதம் பூட்டிக் கிடந்தால் அந்தப் பிள்ளைக்கு நான்கு பாடவேளை போனது போனதுதான். இதை மனத்தில் வைத்துக்கொண்டு பாடத்துக்குள் போவோம்.

ஒரே கேபிள், ஆனால் கண்ணுக்குத் தெரியவில்லை

எங்கள் பகுதிப் பள்ளி ஒன்றில் நடந்ததைச் சொல்கிறேன். ஆய்வகத்தில் பத்து பழைய கணினிகள். ஓரத்தில் லினக்ஸ் போட்ட பழைய கணினி ஒன்று. பாடக் காணொலிகள், வினாத்தாள் தொகுப்பு, பயிற்சித் தாள்கள் எல்லாம் அதில்தான் சேமித்து வைத்திருந்தார்கள். இணையம் இல்லாத நாளிலும் பிள்ளைகள் தங்கள் கணினியின் உலவியில் அதன் எண்ணைத் தட்டினால் பாடம் வந்துவிடும். அந்த எண் 192.168.0.10. எல்லாக் கணினியிலும் எண்களைக் கையால் பதிந்து நிலையாக வைத்திருந்தார்கள்.

பிறகு இணைய இணைப்பு மாறியது. புதிய ரவுட்டர் வந்தது. அது கொடுக்கும் எண்கள் 192.168.1 என்று தொடங்கின. ஆசிரியர்களின் மடிக்கணினிகளும் புதிதாக வந்த கணினிகளும் அந்த எண்ணைத் தாமாக வாங்கிக்கொண்டன. அவற்றில் இணையம் வந்தது, பாடக் கணினி வரவில்லை. பழைய பத்துக் கணினிகளில் பாடக் கணினி வந்தது, இணையம் வரவில்லை. எல்லாம் ஒரே சுவிட்சில், ஒரே அறையில், ஒன்றுக்கொன்று மூன்று அடி தூரத்தில்தான் இருந்தன.

கேபிளை மாற்றிப் பார்த்தார்கள், சுவிட்சை அணைத்துப் போட்டார்கள். கோளாறு கேபிளில் இல்லை, முகவரியில் இருந்தது. பாடக் கணினியின் எண்ணைப் புதியதாக மாற்றினால் புதிய கணினிகள் அதைக் காணும், பழைய பத்தும் இழந்துவிடும். பத்தையும் சேர்த்து மாற்றலாம் என்றால் அரைநாள் வேலை, தேர்வு நேரம் வேறு.

பாடக் கணினியில் ஒரே ஒரு வரி கட்டளை கொடுத்துப் பிரச்சினை தீர்ந்தது. அதற்கு இரண்டாவதாக ஒரு முகவரி கொடுத்தார்கள். பழையது 192.168.0.10 அப்படியே இருந்தது, கூடவே 192.168.1.10 சேர்ந்தது. கார்டு ஒன்று, கேபிள் ஒன்று, எண் மட்டும் இரண்டு. பழைய கணினிகள் பழைய எண்ணில் கூப்பிட்டன, புதியவை புதிய எண்ணில் கூப்பிட்டன. இரண்டு பக்கமும் பாடம் வந்தது. பழைய கணினிகளை விடுமுறையில் ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டார்கள்.

ராசிபுரத்திலோ சேலத்திலோ ஒரு பழைய தெருவில் நடந்து பாருங்கள். கதவு நிலைக்கு மேல் ‘ப.எண் 14, பு.எண் 27’ என்று எழுதியிருக்கும். நகராட்சி புது எண் கொடுத்துவிட்டது என்பதற்காக யாரும் பழைய எண்ணை அன்றே அழித்துவிடுவதில்லை. மின்கட்டண அட்டையில் பழைய எண் இருக்கும், ரேஷன் அட்டையில் புது எண் இருக்கும். எந்த எண்ணுக்குக் கடிதம் வந்தாலும் தபால்காரர் அதே வாசலில்தான் கொடுப்பார். பாடக் கணினிக்கு நடந்ததும் இதுதான்.

பின்கோடு சொல்லும் பாடம்

மூன்று அடி தூரத்தில் இருக்கும் கணினி ஏன் கண்ணுக்குத் தெரியாமல் போகிறது? இதற்குப் பதில் தெரிந்தால் மற்றவை எல்லாம் எளிது.

ஐபி முகவரியில் புள்ளி வைத்துப் பிரித்த நான்கு எண்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரை இருக்கலாம். ஒவ்வொரு எண்ணும் 8 பிட், மொத்தம் 32 பிட். நாம் இன்றும் பயன்படுத்தும் இந்த நான்காம் பதிப்பு முறை 1981-இல் வகுக்கப்பட்டது. இந்த நான்கு எண்களில் முன்பகுதி ‘எந்த வலையமைப்பு’ என்று சொல்லும், பின்பகுதி ‘அதில் எந்தக் கணினி’ என்று சொல்லும்.

பிள்ளைகளுக்கு இதைச் சொல்லப் பின்கோடு போதும். 1972 ஆகஸ்ட் 15 முதல் நம் நாட்டில் இருக்கும் முறை அது. நாமக்கல் 637001, திருச்செங்கோடு 637211, ராசிபுரம் 637408. மூன்றிலும் முதல் மூன்று இலக்கம் 637. சேலம் 636001, ஆத்தூர் 636102. இரண்டிலும் 636. முதல் மூன்று இலக்கம் எந்தப் பிரிப்புக் கோட்டம் என்று சொல்கிறது, கடைசி மூன்று எந்த அஞ்சலகம் என்று சொல்கிறது.

இதில் ஒரு நுட்பத்தையும் பிள்ளைகளிடம் கேட்கலாம். சங்ககிரி எந்த மாவட்டம்? சேலம். அதன் பின்கோடு 637301. எடப்பாடியும் சேலம் மாவட்டம்தான், அதன் பின்கோடு 637101. வருவாய்த் துறை போட்ட எல்லை வேறு, தபால் துறை போட்ட எல்லை வேறு. வலையமைப்பிலும் அப்படியே. ஒரே அறையில், ஒரே சுவிட்சில் இருப்பதால் இரண்டு கணினிகளும் ஒரே வலையமைப்பு ஆகிவிடாது. எண் சொல்வதுதான் கணக்கு.

முகவரியின் எந்தப் பகுதி வரை வலையமைப்பு என்பதைச் சொல்லும் துணை எண் ஒன்று உண்டு. நம் பள்ளிகளில் அது பெரும்பாலும் 255.255.255.0 என்று இருக்கும். முதல் மூன்று எண்கள் வலையமைப்பு, கடைசி எண் மட்டும் கணினி என்று அதற்குப் பொருள். மூன்று எண், ஒவ்வொன்றும் 8 பிட், மூவெட்டு இருபத்து நான்கு. அதனால் லினக்ஸில் முகவரிக்குப் பின்னால் சாய்கோடு போட்டு 24 என்று சுருக்கமாக எழுதுகிறோம்.

இப்போது 192.168.1.25 என்ற மடிக்கணினி 192.168.0.10 என்ற பாடக் கணினியைத் தேடுகிறது. முதலில் அது தன்னையே கேட்டுக்கொள்ளும்: ‘இது என் கோட்டமா?’ தன்னுடையது 192.168.1, தேடுவது 192.168.0. இல்லை என்று தெரிந்ததும் செய்தியை ரவுட்டரிடம் கொடுத்துவிடும், பக்கத்து மேசையைத் திரும்பிக்கூடப் பார்க்காது. ரவுட்டருக்கு அந்தக் கோட்டம் தெரியாது. செய்தி வழியில் தொலைந்து போகும்.

ஒரே கோட்டமாக இருந்தால் என்ன நடக்கும்? கணினி, சுவிட்ச் வழியாக எல்லாருக்கும் கேட்கும்படி கூப்பிடும்: ‘192.168.1.10 யார்?’ அந்த முகவரி உள்ள கணினி தன் கார்டின் நிரந்தர எண்ணைச் சொல்லிப் பதில் கொடுக்கும். நாம் காலையில் வருகைப் பதிவேட்டை எடுத்துப் பெயர் கூப்பிடும்போது பிள்ளை ‘உள்ளேன் ஐயா’ என்று சொல்வது போலத்தான். கூடுதல் முகவரி கொடுப்பது என்றால், ஒரே பிள்ளை இரண்டு பெயருக்கும் ‘உள்ளேன் ஐயா’ சொல்ல அனுமதிப்பது. வீட்டுப் பெயர் ஒன்று, பள்ளிப் பெயர் ஒன்று என்று இருக்கும் பிள்ளைகள் நம் ஊரில் எத்தனை பேர்! எதைச் சொல்லிக் கூப்பிட்டாலும் எழுந்து நிற்பது அதே பிள்ளைதான்.

செய்முறை

இனி கணினிக்கு வருவோம். நம் பள்ளிகளுக்கு லினக்ஸ் புதிதல்ல. 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் தொடக்க ஆண்டுகளில் வந்த மடிக்கணினிகளில் விண்டோஸுடன் பாஸ் என்ற லினக்ஸும் இருந்தது. நடுவண் அரசின் சி-டாக் நிறுவனம் டெபியனை அடிப்படையாகக் கொண்டு உருவாக்கியது அது. பதினொன்றாம் வகுப்புக் கணினிப் பாடத்தில் உபுண்டு இருக்கிறது. பன்னிரண்டாம் வகுப்புக் கணினிப் பயன்பாடுகள் பாடத்தில் வலையமைப்பு, டிஎன்எஸ், கேபிள் இணைப்பு எல்லாம் இருக்கின்றன. இன்றைய செய்முறை இந்த இரண்டு பாடத்தையும் ஒன்றாக இணைக்கும்.

முதல் படி, இருப்பதைப் பார்ப்பது. டெர்மினலைத் திறந்து, ஐ, பி என்ற இரண்டு சிறிய ஆங்கில எழுத்து, ஓர் இடைவெளி, பிறகு ஏ என்ற எழுத்து. என்டர் தட்டினால் கணினியில் உள்ள எல்லா இடைமுகங்களும் வரும். முதலில் வருவதில் 127.0.0.1 என்று இருக்கும். கணினி தன்னைத் தானே கூப்பிட்டுக்கொள்ளும் எண் அது. அதாவது, வெளியே போகும் முகவரி ஒன்றுதான் இருக்கிறது என்று நாம் நினைக்கும் கணினியில்கூட ஏற்கெனவே வேறொரு முகவரி இருக்கிறது. அடுத்து வருவது கேபிள் மாட்டிய கார்டு. அதன் பெயர் பழைய கணினிகளில் ஈத்0 என்று இருக்கும். புதியவற்றில் இ, என், பி என்று தொடங்கி எண்ணும் எழுத்தும் கலந்து வரும். உங்கள் கணினியில் என்ன பெயர் வருகிறதோ அதை அப்படியே குறித்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் படி, கொடுக்கப்போகும் எண் வேறு யாரிடமும் இல்லை என்று உறுதி செய்வது. ஒரே பெயருக்கு இரண்டு பிள்ளைகள் ‘உள்ளேன் ஐயா’ சொன்னால் வகுப்பில் என்ன குழப்பம் வரும்? வலையமைப்பிலும் அதே குழப்பம்தான். ஒரு நேரம் செய்தி இங்கே வரும், ஒரு நேரம் அங்கே போகும். அந்த வலையமைப்பில் உள்ள ஒரு கணினியிலிருந்து பிங் கொடுத்துப் பாருங்கள். பதில் வந்தால் அந்த எண்ணில் ஆள் இருக்கிறார். பதில் வராவிட்டாலும் உடனே நம்பிவிடக் கூடாது. அணைத்து வைத்திருக்கும் கணினியும் பதில் சொல்லாது, பிங்குக்குப் பதில் சொல்லாதபடி அமைத்திருக்கும் கருவியும் உண்டு. ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில், அது எந்த எண்ணிலிருந்து எந்த எண் வரை தானாக வழங்குகிறது என்று இருக்கும். 100 முதல் 200 வரை என்று இருந்தால் அதற்கு வெளியே 10, 20 போன்ற எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம் படி, முகவரியைச் சேர்ப்பது. கட்டளையை வாயால் சொன்னால் இப்படி இருக்கும்:

சூடோ – ஐபி – அட்ரஸ் – ஆட் – 192.168.1.10/24 – டெவ் – ஈத்0

ஆறு இடைவெளி, ஏழு சொல். எல்லாம் சிறிய ஆங்கில எழுத்தில். அட்ரஸ் என்பதை அகராதியில் உள்ளபடி முழுதாக எழுதலாம். டெவ் என்பது டிவைஸ் என்ற சொல்லின் முதல் மூன்று எழுத்து. ஈத்0 உள்ள இடத்தில் உங்கள் கார்டின் பெயர் வர வேண்டும். தமிழாசிரியர்கள் இதை ஒரு வாக்கியமாகவே பார்க்கலாம். யாருடைய அதிகாரத்தில்? நிர்வாகியின் அதிகாரத்தில், அதுதான் சூடோ. எதைப் பற்றி? ஐபி முகவரியைப் பற்றி. என்ன செய்ய? சேர்க்க. எதைச் சேர்க்க? 192.168.1.10. எங்கே? இந்தக் கார்டில். பொருள் புரிந்துவிட்டால் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

வெற்றி பெற்றால் லினக்ஸ் ஒன்றும் சொல்லாது. திரை அமைதியாக அடுத்த வரிக்குப் போய்விடும். பிழை இருந்தால்தான் பேசும். மீண்டும் முதல் படிக் கட்டளையைக் கொடுத்தால் அதே கார்டின் கீழ் இரண்டு முகவரி வரிகள் தெரியும்.

நான்காம் படி, வேண்டாதபோது எடுப்பது. அதே வரியில் ஆட் இருந்த இடத்தில் டெல் என்று மூன்று எழுத்து. அவ்வளவுதான், முகவரி போய்விடும்.

கட்டளையால் சேர்த்த முகவரி கணினியை அணைத்துப் போட்டால் இருக்காது. சில நேரம் கேபிளைக் கழற்றி மாட்டினாலே போய்விடும். கரும்பலகையில் சாக்பீஸால் எழுதியது மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். கற்றுக்கொள்கிறவருக்கு இது பெரிய பாதுகாப்பு. தவறான எண் கொடுத்துவிட்டால் மறுதொடக்கம் செய்தால் போதும், பழைய நிலை வந்துவிடும். துணிந்து பழகலாம்.

நிலையாக வேண்டும் என்றால் உபுண்டு மேசைக் கணினியில் அமைப்புகள் பகுதிக்குப் போய், நெட்வொர்க், அதில் கம்பி இணைப்புக்குப் பக்கத்தில் உள்ள பல்சக்கரக் குறி, அதில் ஐபிவி4. அங்கே முறை மேனுவல் என்று இருந்தால் முகவரிகளுக்கான பட்டியல் வரும். முதல் வரியில் பழைய முகவரி, இரண்டாவது வரியில் புதிய முகவரி. கேட்வே என்ற கட்டத்தில் ஒரு வரியில் மட்டும் ரவுட்டரின் எண்ணைக் கொடுங்கள். எங்கள் பாடக் கணினி உதாரணத்தில் அது 192.168.1 வரிசை. மற்ற வரியில் அதைக் காலியாக விடுங்கள். வீட்டுக்கு எண் எத்தனை இருந்தாலும் வெளியூருக்குப் போகும் பேருந்து நிறுத்தம் ஒன்றுதான்.

விண்டோஸிலும் நிலையான முகவரி கொடுக்கும் இடத்தில், மேம்பட்ட அமைப்பு என்ற பொத்தானுக்குள் போனால் கூடுதல் முகவரி சேர்க்கலாம். கருத்து ஒன்றுதான்.

இன்னோர் இடத்திலும் இது கைகொடுக்கும்

தொடக்கப் பள்ளிக்கு ஒரு புதிய வைஃபை பெட்டியோ பிரிண்டரோ வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அதன் அடியில் ஒட்டியிருக்கும் தாளில், அமைப்புப் பக்கத்துக்குப் போக 192.168.0.1 என்று தட்டுங்கள் என்று இருக்கும். உங்கள் மடிக்கணினியோ 192.168.1 வரிசையில் இருக்கிறது. தட்டினால் வராது. ‘பெட்டி கோளாறு’ என்று திருப்பி அனுப்பப்படும் பெட்டிகளில் சில இப்படி நல்ல பெட்டியாகவே இருக்கும். உங்கள் மடிக்கணினிக்குத் தற்காலிகமாக 192.168.0 வரிசையில் ஒரு முகவரி சேருங்கள். பக்கம் திறக்கும். அமைப்பை மாற்றிவிட்டுச் சேர்த்த முகவரியை எடுத்துவிடுங்கள்.

ஏன் எல்லா இடத்திலும் இந்த 192.168 வருகிறது என்று மாணவர் கேட்பார். நம் ஊர்களில் மாரியம்மன் கோவில் தெரு இல்லாத ஊர் உண்டா? ஊருக்குள் ‘மாரியம்மன் கோவில் தெரு’ என்றால் போதும். வெளியூருக்கு அந்தப் பெயர் மட்டும் போதாது. அது போல உள் வலையமைப்புகளுக்கென்றே ஒதுக்கிய மூன்று தொகுதிகள் இருக்கின்றன: 10 என்று தொடங்குபவை, 172.16 முதல் 172.31 வரை தொடங்குபவை, 192.168 என்று தொடங்குபவை. இந்த ஒதுக்கீடு இன்றுள்ள வடிவில் 1996-இல் வெளியானது. இவற்றை யாரும் யாரையும் கேட்காமல் பயன்படுத்தலாம். ஆனால் இணையத்தில் இவை செல்லாது.

வெளி உலகில் கூடுதல் முகவரிக்கு ஒரு பெரிய வரலாறே உண்டு. நாமக்கல்லில் லாரி புக்கிங் ஆபீஸ் ஒன்றின் வாசலில் மூன்று நான்கு டிரான்ஸ்போர்ட் பெயர்ப் பலகைகள் தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். உள்ளே மேசை ஒன்றுதான். இணையம் பரவிய தொடக்க ஆண்டுகளில் ஒரே சர்வரில் பல இணையதளங்களை வைக்க வேண்டுமானால், ஒவ்வொரு தளத்துக்கும் ஒரு ஐபி முகவரி என்று அதே கார்டில் சேர்த்துக்கொண்டே போவார்கள். பிறகு, தேடி வரும் உலவி தனக்கு எந்தத் தளம் வேண்டும் என்று பெயரையும் சேர்த்துச் சொல்லும் வழக்கம் வந்தது. ஒரே முகவரியில் பல தளங்கள் இருக்க முடிந்தது.

அந்த மாற்றம் தேவைப்பட்டதற்கு எண்ணிக்கையும் ஒரு காரணம். 32 பிட்டில் கிடைக்கும் முகவரிகள் மொத்தம் 4,294,967,296. உலக மக்கள்தொகைக்கு ஆளுக்கு ஒன்றுகூட வராது. உலகளாவிய பொதுத் தொகுப்பின் கடைசித் தொகுதிகள் 2011 பிப்ரவரி 3 அன்று பங்கிடப்பட்டன. அடுத்து வந்த ஆறாம் பதிப்பில் முகவரி 128 பிட். அதில் ஒரே கார்டுக்கு இரண்டு மூன்று முகவரி இருப்பது சாதாரண நடைமுறை. இன்று நாம் ‘கூடுதல்’ என்று சொல்வது நாளைய பிள்ளைகளுக்கு இயல்பு.

கவனிக்க வேண்டியவை

முதலாவது, அனுமதி. துறை வழங்கிய உயர் தொழில்நுட்ப ஆய்வகத்தின் சர்வர் பராமரிப்பு ஒப்பந்தத்தில் இருக்கும். அதில் நாமாகக் கை வைக்கக் கூடாது. நான் சொல்வது பள்ளியின் சொந்தக் கணினிக்கும் நம் மடிக்கணினிக்கும்தான். அங்கும் தலைமையாசிரியரிடம் சொல்லிவிட்டு, எந்தக் கணினிக்கு எந்த எண், எந்தத் தேதியில், எதற்காக என்று ஒரு குறிப்பேட்டில் எழுதி வையுங்கள். பணிமாறுதலில் நாம் போய்விடுவோம். அடுத்து வருகிறவருக்கு அந்த ஒரு பக்கம்தான் வழிகாட்டி.

இரண்டாவது, பார்க்கும் கட்டளை. பழைய புத்தகங்களில் இஃப்கான்ஃபிக் என்ற கட்டளை இருக்கும். நாம் சொன்ன வழியில் சேர்த்த முகவரியை அது காட்டாமல் விட்டுவிடும். சேரவில்லை என்று நினைத்து மீண்டும் மீண்டும் சேர்க்காதீர்கள். ஐபி கட்டளையால் சேர்த்ததை ஐபி கட்டளையாலேயே பாருங்கள்.

மூன்றாவது, ஒரே கோட்டத்தில் இரண்டு முகவரி கொடுப்பது. 192.168.1.10 இருக்கும் கார்டில் 192.168.1.11-ஐயும் சேர்த்தால், பின்னது துணை முகவரி என்ற குறியோடு வரும். சில அமைப்புகளில் முதல் முகவரியை எடுத்தால் துணை முகவரியும் சேர்ந்தே போய்விடும். எடுத்த பிறகு ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

நான்காவதுதான் மிக முக்கியம். எண்ணைப் பிரித்தால் பாதுகாப்பு வந்துவிடாது. ‘அலுவலகக் கணினிக்கு ஒரு வரிசை, மாணவர் கணினிக்கு வேறு வரிசை, அதனால் மதிப்பெண் பட்டியலும் எமிஸ் கடவுச்சொல்லும் பத்திரம்’ என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இரண்டும் ஒரே சுவிட்சில் இருந்தால், இன்று நாம் கற்ற இதே ஒரு வரியைத் தட்டி மாணவர் கணினியும் அலுவலக வரிசைக்குள் வந்துவிடலாம். வீட்டு எண்ணை மறைத்தால் கதவு பூட்டியதாக ஆகாது. பூட்டு என்பது கடவுச்சொல், தனிச் சுவிட்ச், முறையான ஃபயர்வால்.

வகுப்பறைக்கு

ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை கணினியே இல்லாமல் இதை நடத்தலாம். பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் ஓர் எண் அட்டை. பாதி வகுப்புக்கு 636 என்று தொடங்கும் எண், பாதிக்கு 637. ஒருவர் தபால்காரர், அவர்தான் ரவுட்டர். விதி ஒன்றுதான்: உன் எண்ணின் முதல் மூன்று இலக்கமும் கடிதத்தின் முதல் மூன்று இலக்கமும் ஒன்றாக இருந்தால் நீயே நேரில் கொடு. இல்லாவிட்டால் தபால்காரரிடம் கொடு. முதல் ஆட்டத்தில் தபால்காரருக்கு மறு கோட்டத்துக்கு வழி தெரியாது என்று வையுங்கள். கடிதங்கள் அவர் கையில் தேங்கும். பிறகு ஒரு பிள்ளைக்கு மட்டும் 636 அட்டை ஒன்றும் 637 அட்டை ஒன்றும் கொடுங்கள். இரண்டு பக்கத்துப் பிள்ளைகளும் அந்தப் பிள்ளையிடம் நேரில் கடிதம் கொடுப்பதைப் பார்ப்பார்கள். அரை மணி நேரத்தில் பாடம் முடிந்துவிடும்.

மேல்நிலை வகுப்புக்கு இரண்டு பழைய மடிக்கணினியும் ஒரு லேன் கேபிளும் போதும். லினக்ஸ் நிறுவப்படாவிட்டால் பென் டிரைவிலிருந்தே உபுண்டுவை இயக்கலாம், உள்ளே இருப்பது எதுவும் அழியாது. இரண்டையும் கேபிளால் இணைத்து, அமைப்புகள் பகுதியில் முதல் கணினிக்கு 192.168.50.1, இரண்டாவதற்கு 192.168.60.2 என்று கையால் கொடுங்கள். கேட்வே வேண்டாம். பிங் கொடுத்தால் வலையமைப்பை எட்ட முடியவில்லை என்று வரும். ‘கேபிள் மாட்டித்தானே இருக்கிறது, ஏன்?’ என்று கேளுங்கள். பதில் சொல்ல அவசரப்படாதீர்கள், அவர்களே பேசட்டும். பிறகு முதல் கணினியில் 192.168.60.1 என்ற முகவரியைச் சேர்க்கச் சொல்லுங்கள். இரண்டாவதிலிருந்து அந்த எண்ணுக்கு பிங் உடனே ஓடும். டெல் கொடுத்து எடுத்தால் நின்றுவிடும். சேர், எடு, மீண்டும் சேர். புத்தகத்தில் ஒரு பக்கம் படித்தும் புரியாத வலையமைப்புப் பகுதி, கணினிப் பகுதி என்ற வேறுபாடு அந்த மாணவருக்கு இனி மறக்காது.

பள்ளியில் ஏதாவது கருவி வேலை செய்யாதபோது நாம் முதலில் கேட்கும் கேள்வி ‘யாரைக் கூப்பிடுவது?’ என்பதாக இருக்கிறது. அதற்கு முன்னால் இரண்டு கேள்வி கேட்டுப் பழகுவோம். இதன் முகவரி என்ன? என்னுடைய முகவரி என்ன? இந்த இரண்டையும் ஒரு தாளில் எழுதிப் பக்கத்தில் பக்கமாக வைத்துப் பார்த்தாலே பல நேரங்களில் காரணம் தெரிந்துவிடும். தெரிந்த காரணத்தைத் தீர்க்க ஒரு வரி போதும். நமக்குத் தீராவிட்டாலும், பராமரிப்புக்கு வருகிறவரிடம் ‘நெட் வரவில்லை’ என்று சொல்வதற்குப் பதிலாக ‘இவை இரண்டும் வேறு வேறு வரிசையில் இருக்கின்றன’ என்று சொன்னால் அவருடைய வேலையும் பாதியாகக் குறையும்.

அடுத்த வாரம் உங்கள் பள்ளிக்குப் போனதும் ஒரே ஒரு வேலை செய்யுங்கள். மாணவர் இருவரைத் துணைக்கு வைத்துக்கொண்டு, பள்ளியில் உள்ள எல்லாக் கணினி, பிரிண்டர், ரவுட்டர் ஆகியவற்றின் முகவரிகளைப் பட்டியலிட்டு ஆய்வகச் சுவரில் ஒட்டுங்கள்.